குதிரை யாருக்காக ஆடுகிறது?

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு குதிரை, நின்ற இடத்தை விட்டு நகராமல், தாளம் தப்பாமல் கால் மாற்றிக்கொண்டிருந்தது. என் மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "ஓடுவதற்குப் பிறந்த பிராணி, மாப்பிள்ளை. அதைப் போய் ஆட்டிவைக்கிறார்களே, இது பாவமில்லையா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வி மட்டும் மனசை விட்டுப் போக மறுத்தது. அதன் பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினேன்.

இந்த வித்தைக்கு 'டிரெஸ்ஸாஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்குப் பழக்குதல் என்றுதான் அர்த்தம், நாட்டியம் என்றல்ல. இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஸெனபோன் என்ற கிரேக்கர். சாக்ரடீஸின் சீடர், சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்னால் பாரசீகத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்ட கிரேக்கப் படையைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்து வந்த தளபதிகளில் ஒருவர். அவர் காலத்தில் அங்கவடி கிடையாது. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் ஈட்டி. குதிரை சொன்ன கணத்தில் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், பாய வேண்டும். தவறினால் மேலே இருப்பவன் தலை போய்விடும். ஆகவே, பழக்குவதன் முதல் நோக்கம் உயிர் பிழைப்பதுதான்.

ஆனால் அந்தப் போர்வீரர் சொல்லியிருக்கும் ஒரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது. அடித்தும் குத்தியும் குதிரையைச் செய்யவைக்கும் எதிலும் அழகிராது என்கிறார் அவர். மற்றக் குதிரைகளுக்கு எதிரில், முக்கியமாகப் பெண்குதிரைகளுக்கு எதிரில், ஆண்குதிரை தானாகவே கழுத்தை வளைத்து, காலை உயர்த்தி ஒய்யாரமாக நடக்கிறதல்லவா? அதே நடையை, அதற்கும் இஷ்டம் இருக்கும்படி, வரவழைப்பதுதான் சவாரிக்காரனின் திறமை என்பது அவர் கட்சி.

அப்படியானால் இது குதிரைக்கு இயற்கைதானே என்று கேட்கலாம். பாதி இயற்கை. புல்வெளியில் விளையாடும் குட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்னங்காலில் எழுந்து நிற்பது, எகிறிக் குதித்து உதைப்பது எல்லாம் அவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு. இயற்கையில் இல்லாதது ஒன்றே ஒன்று: முதுகில் மனிதன்!

குதிரையின் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதத்தை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. சேணத்தையும் மனிதனையும் ஏற்றினால் அந்தப் பாரமும் பெரும்பாலும் அங்கேயே விழுகிறது. பழக்காத குதிரை முதுகைத் தொய்யவிட்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு நடக்கும். நாளடைவில் கால் கெடும். பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து, பாரத்தைப் பின்னுக்கு வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதே இந்தப் பயிற்சியின் சாரம். குதிரையின் மேல் ஏறிவிட்ட மனிதன், அதற்காகத் தீர்க்க வேண்டிய கடன் என்று நான் இதைச் சொல்வேன்.

கடனை எவ்வளவு நிதானமாகத் தீர்க்கலாம் என்பதற்கு வியன்னாவில் ஒரு பள்ளி இருக்கிறது. ஸ்பானியச் சவாரிப் பள்ளி என்று பெயர். அதன் மண்டபம் 1735இல் கட்டி முடிந்தது. சரவிளக்குகள் தொங்கும் அந்த மண்டபத்தில் ஆடும் லிப்பிஸானர் குதிரைகள் பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே போகும். நாலு வயது வரையில் அவற்றை மேய்ச்சலில் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆறு வருஷம் போல நீளும் பயிற்சி. குதிரை வெள்ளையாகிற காலமும் படிப்பு முடிகிற காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பலாத்காரம் இல்லாமல் இது முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் லிஸ் ஹார்டெலைக் காட்டுவேன். டென்மார்க்கைச் சேர்ந்த அந்தப் பெண்மணியை 1944இல், அவர் கர்ப்பமாயிருந்த சமயத்தில், இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. முழங்காலுக்குக் கீழே பலம் திரும்பவில்லை. மற்றவர்கள் தூக்கிவிட்டால்தான் குதிரை மேல் ஏற முடியும். இந்தப் பந்தயத்தில் அதுவரை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே இடமிருந்தது. 1952இல் ஹெல்சிங்கியில் முதல் தடவையாக மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. ஜூபிலி என்ற பெண்குதிரையின் மேல் வந்த ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். விலாவில் குதிகாலை அழுத்தக்கூட முடியாத ஒருத்தி எந்தப் பலத்தால் ஒரு குதிரையைக் கட்டாயப்படுத்துவது? இடுப்பின் அசைவையும் உடலின் பாரத்தையும் அந்த மிருகம் புரிந்துகொண்டது, அவ்வளவுதான். நாலு வருஷம் கழித்து அதே ஜோடி மறுபடியும் வெள்ளி வாங்கிற்று.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாரிஸ் பந்தயத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு, மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற பிரிட்டிஷ் சவாரிப் பெண் ஒருவர் போட்டியிலிருந்து விலகினார். பயிற்சியின்போது ஒரு குதிரையின் காலில் சவுக்கால் திரும்பத் திரும்ப அடித்த பழைய காட்சி வெளியாகிவிட்டதே காரணம். ஸெனபோன் எச்சரித்ததை இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மனிதன் கேட்டுக்கொள்ளவில்லை. பதக்கத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. குதிரை கற்றுக்கொள்வதற்கோ யாரும் தேதி குறிக்க முடியாது. அவசரம் வந்த இடத்தில் சவுக்கும் வந்துவிடுகிறது.

இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் மாமனாரிடம் சொன்னேன். காப்பி ஆறும் வரையில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த டென்மார்க்குப் பெண்ணுக்குப் பதக்கம் போட்டார்கள், சரி. அந்தக் குதிரைக்கு என்ன போட்டார்கள், மாப்பிள்ளை?" என்றார்.

இந்தத் தடவையும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.