பொரித்த பாலாடைக்கட்டியும் ஒரு பழைய கேள்வியும்



ரமழான் மாதத்தில் எங்கள் புளியறையிலிருந்து செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் வரை எந்த வீட்டு இஃப்தார் விரிப்பைப் பார்த்தாலும் நோன்புக் கஞ்சி, பேரீச்சம்பழம், வடை, சமோசா ஆகியவை இருக்கும். சில ஆண்டுகளாக இவற்றோடு இன்னொரு பண்டமும் சேர்ந்துகொண்டது. பாலாடைக்கட்டியை விரல் நீளத்துக்கு நறுக்கி, மாவில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்தெடுக்கிறார்கள். பிள்ளைகள் அதைச் 'சீஸ் ஃபிங்கர்' என்கின்றனர். பெரியவர்களில் சிலர் அந்தத் தட்டின் பக்கம் கை நீட்டுவதில்லை. அது வெள்ளைக்காரன் தீனி என்பது அவர்கள் கூறும் ஒரு காரணம். அதில் கன்றுக்குட்டியின் குடல் சேர்கிறதாமே என்பது மற்றொரு காரணம்.

முதற்காரணம் வரலாற்றோடு ஒத்துவராது. இரண்டாவது காரணத்தைச் சிரித்து ஒதுக்குவதற்கில்லை. அது ஸஹாபாக்களின் காலத்திலேயே கேட்கப்பட்ட கேள்வி. அந்தக் கேள்வி நடந்து வந்த வழியையும், பொரித்த பாலாடைக்கட்டி நடந்து வந்த வழியையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டும் நெடுங்காலம் ஒரே பாதையில் வந்திருப்பது தெரியும்.

அரபகத்துப் பாலைவாசிகளுக்குப் பாலைக் கெடாமல் வைக்கத் தெரிந்த வழி 'அகித்' என்னும் உலர்ந்த தயிர்க்கட்டி. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸதகத்துல் ஃபித்ராக ஒரு ஸாஉ அளவு கொடுக்கப்பட்ட பொருள்களுள் வாற்கோதுமை, பேரீச்சை, உலர்திராட்சை ஆகியவற்றோடு அகித்தும் இருந்ததை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா விருந்தில் பரிமாறப்பட்டவை பேரீச்சம்பழமும் அகித்தும் நெய்யுமே. ஆனால் அகித் என்பது தயிரிலிருந்து வருவது. 'ஜுப்ன்' எனப்படும் பாலாடைக்கட்டி வேறு. அது ஷாம், பாரசீகம் போன்ற நாடுகளின் பொருள். ஹிஜ்ரி 9இல் (கி.பி. 630) தபூக் சென்றிருந்தபோது நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டது. அவர்கள் கத்தியைக் கேட்டு வாங்கி, அல்லாஹ்வின் பெயர் கூறி அதை வெட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தபூக் அன்றைய ரோமப் பேரரசின் எல்லையை ஒட்டிய இடம் என்பதை நினைவிற்கொள்க.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) வழியாக வரும் மற்றோர் அறிவிப்பில் நெய், பாலாடைக்கட்டி, தோலாடை ஆகிய மூன்றைப் பற்றிக் கேட்கப்படுகிறது. அல்லாஹ் தன் வேதத்தில் ஆகுமாக்கியது ஹலால், விலக்கியது ஹராம், அவன் பேசாது விட்டது மன்னிக்கப்பட்டது என்பதே விடையின் கருத்து. இது நபிமொழியாக அன்றி ஸல்மானின் கூற்றாக இருப்பதே சரியாகத் தோன்றுகிறது என்று திர்மிதீ இமாம் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அப்படியே கொள்வோமாயினும், இந்தக் கேள்விக்கு விடை கூறியவர் பாரசீகத்தில் பிறந்தவர். பாலாடைக்கட்டி எப்படிச் செய்யப்படும் என்பதை அறிந்தவர்.

எப்படிச் செய்யப்படும்? பால் மட்டும் குடித்து வளரும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் பாலை உறையவைக்கும் ஒரு பொருள் சுரக்கிறது. அரபியில் அதன் பெயர் 'இன்ஃபஹா'. இன்று நாம் 'ரென்னட்' என்கிறோம். சிறிதளவு போதும், ஒரு குடம் பால் கட்டியாகிவிடும். சிக்கல் இங்கேதான் எழுகிறது. அந்தக் கன்று முறைப்படி அறுக்கப்பட்டதா? ஈராக்கையும் பாரசீகத்தையும் முஸ்லிம்கள் வென்றபோது, அங்கே பாலாடைக்கட்டி செய்தவர்கள் மஜூஸிகள், அதாவது நெருப்பு வணங்கிகள். வேதக்காரர்கள் அறுத்தது நமக்கு ஆகும். மஜூஸிகள் அறுத்தது ஆகாது. எனவே அவர்கள் எடுத்த இன்ஃபஹா செத்த பிராணியிலிருந்து எடுத்ததாகவே கருதப்படும். ஆனாலும் ஸஹாபாக்கள் பலர் அந்தப் பாலாடைக்கட்டியை உண்டனர். பிஸ்மில்லாஹ் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடை கூறியதாக முஸன்னஃப் நூல்களில் அறிவிப்புகள் உள்ளன. பேணுதல் கருதித் தவிர்த்தவர்களும் இருந்தனர்.

கூஃபாவில் வாழ்ந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. கடைத்தெருவில் அன்றாடம் எழும் கேள்வி. உயிர் பிரிவதால் இரத்தமும் சதையுமே கெடுகின்றன, இரைப்பையில் இருக்கும் இன்ஃபஹா கெடுவதில்லை என்பது அவர்களின் முடிவு. அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் இருவரும் இதில் ஓரளவு மாறுபட்டனர். ஷாஃபிஈ மத்ஹபில், முறைப்படி அறுக்கப்பட்டதும் பாலைத் தவிர வேறெதையும் உண்ணாததுமான குட்டியின் இன்ஃபஹா மட்டுமே சுத்தமானது. மாலிகீ மத்ஹபும் கண்டிப்பான பக்கமே. ஹன்பலீகளின் பெயர்பெற்ற கருத்தும் அதுவே என்றாலும், இப்னு தைமிய்யா (ரஹ்) ஸஹாபாக்களின் ஈராக் நடைமுறையை எடுத்துக்காட்டி ஆகும் என்ற பக்கம் நின்றார்கள்.

கருத்து வேறுபாடு ஏட்டோடு நிற்கவில்லை. ஆந்தலூஸின் தொர்தோசா நகரில் பிறந்து அலெக்சாந்திரியாவில் குடியேறிய அபூபக்ர் அத்துர்தூஷீ (ரஹ்) என்னும் மாலிகீ அறிஞர், ரோமர் நாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பாலாடைக்கட்டி விலக்கப்பட்டது என்று தனி நூலே எழுதினார்கள். அவர்களின் மறைவு ஹிஜ்ரி 520. ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்து யூதர்கள், சிசிலி போன்ற தீவுகளிலிருந்து வந்த பாலாடைக்கட்டிக்குத் தங்கள் மார்க்கப்படி உண்ணத்தக்கது என்ற சான்றிதழ் கேட்டு வாங்கியதைக் கெய்ரோ கெனிஸா ஏடுகள் காட்டுகின்றன. வளைகுடாவிலிருந்து ஊர் வரும் நம் பிள்ளைகள் கொண்டுவரும் டப்பாவைத் திருப்பித் திருப்பி முத்திரை தேடுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு 900 ஆண்டு வயதாகிறது!

இப்போது அடுப்பங்கரைக்கு வருவோம். துர்தூஷீயின் பிறந்த மண்ணான ஆந்தலூஸில்தான் பொரித்த பாலாடைக்கட்டி உச்சத்துக்குச் சென்றது. அதன் பெயர் 'முஜப்பனா'. ஜுப்ன் என்ற சொல்லிலிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் அறியப்படாத ஆந்தலூஸியச் சமையல் நூலொன்றில் இதன் செய்முறை விரிவாக உள்ளது. அதே நூற்றாண்டில் முர்சியாவில் பிறந்து துனிஸில் மறைந்த இப்னு ரஸீன் அத்துஜீபீயின் 'ஃபுதாலத்துல் கிவான்' நூலிலும் முஜப்பனா உண்டு. புதிய பாலாடைக்கட்டியைப் பிசைந்த மாவுக்குள் பொதிந்து எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். சுடச்சுட எடுத்து, மேலே இலவங்கப்பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவுவார்கள். தேனில் தோய்ப்பதும் உண்டு.

அந்தப் பெயரறியா ஆசிரியர் ஒரு நுட்பம் கூறுகிறார். ஒரே வகைப் பாலாடைக்கட்டியால் முஜப்பனா நன்றாக வராதாம். செம்மறிப்பாலில் செய்தது மட்டும் என்றால் உருகி வெளியே ஓடிவிடும். பசும்பாலில் செய்தது மட்டும் என்றால் நீர்விட்டு ஒரே கட்டியாக இறுகிவிடும். எனவே செம்மறி மூன்று பங்கும் பசு ஒரு பங்கும் கலக்க வேண்டும். இன்று எந்தச் சமையலறையிலும் சீஸைப் பொரிப்பவர் படும் பாடு இதுதான்: சட்டியில் இட்டதும் உள்ளிருப்பது ஓடிவிடக் கூடாது. ஷரீஷ் நகரத்து முஜப்பனாவுக்கு இருந்த புகழைப் பிற்காலத்து மக்கரீ தம் நூலில் குறித்துவைத்திருக்கிறார். அவ்வூருக்குப் போய் அதை உண்ணாமல் திரும்பியவன் பாக்கியமற்றவன் என்று பேசிக்கொண்டார்களாம். ஷரீஷ் என்பது இன்றைய ஸ்பெயினின் ஹெரெஸ்.

1492இல் கர்நாத்தா வீழ்ந்தது. அதன்பின் மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் அடுப்பங்கரைகளையும் விசாரணை மன்றங்கள் வேவு பார்த்தன. பன்றிக்கொழுப்பை மறுத்து எண்ணெயில் சமைப்பதே ஐயத்துக்கு இடமாயிற்று. 1609 முதல் 1614 வரை அவர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். ஆனால் முஜப்பனாவின் பெயர் போகவில்லை. ஸ்பானிய மொழியில் 'அல்மொஹாபனா' ஆகி, கடல் கடந்து கொலம்பியாவில் இன்றும் ஒரு பாலாடைக்கட்டிப் பணியாரத்தின் பெயராக வழங்குகிறது. அதை உண்போர் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் அரபு வேர் தெரியுமோ!

கிழக்கே வந்த கதை வேறு. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதின் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே 'ஸன்பூஸஜ்' இருக்கிறது. 1333இல் சிந்து நதியைக் கடந்த இப்னு பதூதா, முல்தானிலிருந்து டில்லி செல்லும் வழியில் தமக்குப் பரிமாறப்பட்ட சம்பூசக்கை விவரிக்கிறார்: கொத்திய இறைச்சியோடு பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலா சேர்த்து மெல்லிய ரொட்டியில் பொதிந்து நெய்யில் பொரித்தது. பின்னர் அவர் மதுரை சுல்தானகத்துக்கும் வந்தார். மால்வாவின் கியாஸ் ஷாஹ் காலத்து 'நிஃமத்நாமா'வில் சமோசா வகைகள் நிறைய உண்டு. அரபு நாடுகளில் பாலாடைக்கட்டி பொதிந்த சம்பூசக் இன்றளவும் இருக்க, நம் பக்கம் வந்த சமோசா இறைச்சியையும் வெங்காயத்தையும் பிற்காலத்தில் உருளைக்கிழங்கையும் ஏற்றுக்கொண்டது. பாலாடைக்கட்டி தெற்கே வரவில்லை.

அதற்காக இந்திய முஸ்லிம்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டி தெரியாது என்று கூறிவிட முடியாது. ஜம்முவின் உதம்பூர் மலைப்பகுதியில் 'கலாரி' என்றொரு பாலாடைக்கட்டி உண்டு. ஆடுமாடு ஓட்டி மலையேறும் குஜ்ஜர், பக்கர்வால் முஸ்லிம்களின் கைப்பொருள் அது. வட்டமாகத் தட்டி உலர்த்தியதைத் தோசைக்கல்லில் இட்டால், தன் கொழுப்பிலேயே தான் பொரிந்து, வெளியே பொன்னிறமாக முறுகி, உள்ளே இழுபடும். உப்பும் மிளகாயும் தூவிக் குல்ச்சாவுக்குள் வைத்து உண்பர். உதம்பூர் கலாரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நம் மண்ணில் ஏன் இல்லை? பால் இல்லாமல் இல்லை. புளியறை 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையோடு சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். எல்லை மாறிய பின்னும் நம் வட்டாரத்துப் பால் மலை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த வெப்பத்தில் பால் ஓரிரவில் தயிராகிவிடும். தயிரிலிருந்து மோரும் வெண்ணெயும் நெய்யும் வரும். மிஞ்சினால் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா. ஆறு மாதம் பனிக்குள் அடைந்து கிடக்கும் மலைவாசிக்கே பாலைக் கட்டியாக்கிச் சேமிக்கும் தேவை அதிகம்.

இனி அந்தப் பழைய கேள்வி இன்று எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 1990இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம், கன்றைத் தொடாமல் நுண்ணுயிர்களைக் கொண்டு ஆய்வுமுறையில் தயாரிக்கப்பட்ட உறைபொருளுக்கு அனுமதி அளித்தது. இன்று உலகில் பெரும்பகுதிப் பாலாடைக்கட்டி இத்தகைய உறைபொருள்களாலேயே ஆகிறது. நம் நாட்டில் உறையின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கின் இரைப்பைப் பொருள் அதில் சேரவில்லை என்றே பொருள். சைவர்களுக்காக வந்த சட்டம் நமக்கும் ஐயம் நீக்குகிறது. ஐரோப்பாவிலிருந்து வளைகுடா வழியாக வரும் டப்பாக்களுக்கே ஆராய்ச்சி தேவை. அதிலும் 'மைக்ரோபியல்', 'வெஜிடபிள்' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. வெறுமனே 'ரென்னட்' என்று மட்டும் இருந்தால், ஹனஃபீ மத்ஹபினருக்கு இமாமின் சொல்லில் இடம் உண்டு, ஷாஃபிஈகள் தவிர்ப்பார்கள். எல்லையோர ஊரில் இது சிறிய செய்தி அன்று. கிழக்கே நாம் பெரும்பாலும் ஹனஃபீகள், மலைக்கு மேற்கே பெரும்பாலும் ஷாஃபிஈகள். பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களும் உண்டு. ஒரே விரிப்பில் அமரும் சம்பந்தி ஒருவர் தட்டைத் தள்ளினால், அவர் நம் வீட்டுச் சமையலை இகழ்ந்ததாக எடுத்துக்கொள்வது அறியாமை.

கருத்து வேறுபாட்டுக்கு வெளியே நிற்பது விரும்பத்தக்கது என்பது ஃபுகஹாக்களின் விதி. வீட்டிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்து செய்யும் பன்னீரில் இன்ஃபஹா என்ற பேச்சுக்கே இடமில்லை. பொரிப்பதற்கும் அதுவே எளிது. ரென்னட்டில் உறைந்த மொசரெல்லா சூட்டில் உருகி இழையும். அதைப் பொரிக்க வேண்டுமானால் உறைநிலையில் வைத்து, மாவும் தூளும் இருமுறை பூச வேண்டும். கொதிக்கும் பாலில் புளிப்பு விழுந்து திரியும் பன்னீர் எவ்வளவு சூட்டிலும் உருகுவதில்லை.

ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு நீர் கலந்து சிறிது சிறிதாக ஊற்றிக் கிளற வேண்டும். பால் திரிந்து, இளம்பச்சை நிற நீர் தெளிவாகப் பிரிந்ததும் நிறுத்திவிடுக. மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, புளிப்புப் போகக் குளிர்ந்த நீரில் அலசி, முடிந்து, அம்மிக்குழவியைப் பாரமாக ஒரு மணி நேரம் வைத்தால் 150 முதல் 200 கிராம் வரை கட்டி கிடைக்கும். குளிரவைத்த பின் நறுக்கினால் உடையாது. மைதாவும் சோளமாவும் சமமாகக் கலந்து, உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, அதில் தோய்த்து, ரஸ்க் தூளில் அழுத்திப் புரட்டி, பத்து நிமிடம் ஆறவிட்டுப் பொரிக்க வேண்டும். எண்ணெய் நன்கு காய்ந்த பிறகே இடுக; காயாத எண்ணெயில் தூள் கழன்று எண்ணெய் குடிக்கும். மஃக்ரிபு பாங்குக்குச் சற்று முன் பொரித்தால் போதும், ஆறினால் மொறுமொறுப்பு நிற்காது. வடித்த நீரைக் கொட்டிவிடாமல் சஹருக்குச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். மாவு மிருதுவாக வரும்.