சுவர்க் கீறல்களைக் காத்தவர்

பிறந்த ஊரின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டவர், ஒளிப்படக் கலைஞர் பிராசாய். 1899-இல், அன்று அங்கேரியில் இருந்த பிராசோ நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஜூலா ஹலாஸ். 'பிராசோ ஊரினர்' என்பதே புனைபெயரின் பொருள்.

1924-இல் பாரிசில் குடியேறிய அவர், 1930களின் தொடக்கம் முதல் தெருத்தெருவாக அலைந்து, சுவர்களில் ஆணியாலும் கத்தியாலும் கீறப்பட்ட உருவங்களைப் படமெடுத்தார். இரு பள்ளங்கள் கண்களாக ஒரு முகம் தோன்றியிருக்கும். ஓரிடத்தில் காதலர் கீறிய இதயம், வேறோரிடத்தில் மண்டையோடு. கீறியவர் யாரென எவரும் அறியார். சுவரின் முகவரியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆண்டுகள் கழித்தும் அங்கே சென்று, அது மாறிய விதத்தைக் கண்டறிந்தார். 1933-இல் 'மினோதோர்' இதழில் குகைச் சுவரையும் ஆலைச் சுவரையும் இணைத்து எழுதினார். அப்படங்கள் 1956-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் இடம்பெற்றன, 1960-இல் நூலாயின.

மன்னர் பெயரைக் கல்வெட்டு காத்தது. பெயரறியாதார் கீறலை ஒளிப்படம் காத்தது.

ஊர்ப்பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமந்து, வாடகை வீடுகள் பல மாறி வாழ்பவர் நாம். அடுத்த வீட்டுக்குப் பெயருமுன், குழந்தை சுவரில் கிறுக்கியதை ஒரு படமெடுப்போம். முகவரியையும் நாளையும் மறவாது குறிப்போம்.