பாலங்களில் அமுக்கமும் இழுவிசையும்: கல் உத்தரம் முதல் பாலாற்றுப் பாலம் வரை

பாலத்துக்குப் பொருள் தேர்வு செய்வோர் அமுக்கம், இழுவிசை ஆகிய இரு விசைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரு தூண்களின் மேல் கிடக்கும் உத்தரத்தில் பாரம் ஏறினால் அதன் மேற்பகுதி அமுங்கும், அடிப்பகுதி இழுபடும். சாக்பீஸை நிமிர்த்தி வைத்து விரலால் அழுத்தினால் தாங்கும். இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் ஒடிந்துவிடும். கருங்கல்லும் அப்படியே. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கு அழகு மட்டுமே காரணமன்று; கல் உத்தரம் நீண்டால் அடியில் விரிசல் கண்டு முறியும்.

கல்லைக் கொண்டு அகலமாகக் கடக்க வளைவு வேண்டும். வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்ததை நெருக்குகிறது. இழுவிசைக்கு அங்கு பெரிதும் இடமில்லை. செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில் கழுதுருட்டி அருகேயுள்ள பதின்மூன்று கண் பாலம் இவ்வகையைச் சேர்ந்தது.

வார்ப்பிரும்பும் கல்லைப் போன்றதே: அமுக்கத்தில் வலிது, இழுவையில் நொய்து. இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல் 1779-இல் அதை வளைவாக அமைத்தனர். அப்பாலம் இன்றும் நிற்கிறது. செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீபன்சன் வார்ப்பிரும்பை நேரான உத்தரமாக வைத்து, தேனிரும்புக் கம்பிகளால் வலுவூட்டினார். 1847 மே 24 அன்று ரயில் செல்லும்போது ஓர் உத்தரம் முறிந்து ஐவர் இறந்தனர். பொருள் அதேதான், அதற்கு இட்ட வேலைதான் மாறியது. இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1856-இல், நெமிலிச்சேரி வழியே செல்லும் ராயபுரம்–வாலாஜா ரோடு பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தில் பாலப் பொறியாளர்கள் இழுபடும் பகுதிகளுக்குத் தேனிரும்பையும், பிற்பாடு எஃகையும் நாடினர். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தில் கண்களைக் கடந்தவை எஃகு கர்டர்களே. ஆனால் கடற்காற்றில் எஃகு துருப்பிடிக்கும். ஓயாமல் பராமரிக்க வேண்டும்.

காங்கிரீட்டும் இழுவையில் நொய்தே. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃபிரேசினே 1928-இல் காப்புரிமை பெற்ற முறை இக்குறையைச் சுற்றிச் சென்றது: எஃகுக் கம்பிகளை இழுத்துப் பூட்டி, பாரம் ஏறும் முன்பே காங்கிரீட்டை அமுக்கத்தில் வைப்பது. பிறகு வரும் இழுவிசை முதலில் அந்த அமுக்கத்தைக் குறைக்கவே செலவாகும். சாதாரண எஃகு இதற்கு உதவாது. காங்கிரீட்டு நாளடைவில் சற்றே சுருங்கும். அச்சிறு சுருக்கத்திலேயே சாதாரணக் கம்பியின் இறுக்கம் பெரும்பாலும் போய்விடும். மிகுந்த அளவு இழுக்கத்தக்க உயர்வலிமைக் கம்பியே தேவை.

செங்கல்பட்டு அருகே பாலாற்றின் மேல் 1954-இல் முடிந்த சாலைப் பாலம், இந்தியாவில் இம்முறையில் அமைந்த தொடக்ககாலப் பாலங்களுள் ஒன்றாகும். 23 கண்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 மீட்டர். இவ்வகைப் பாலங்களில் கம்பி உள்ளே மறைந்திருப்பதால் துருவைக் கண்ணால் பார்க்க இயலாது. கம்பி செல்லும் குழாயில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி நிரப்புவது இதற்காகவே.