மோட்டார் நின்றால் யார் சொல்வது?

பி.காம் படிக்கிறவனுக்குச் சாக்கடையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே :) சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போகும்போது பாருங்கள், பூமி மேசை மாதிரி சமமாக இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் கழிவுநீர் தானாக எப்படி ஓடும்? குழாயைச் சரிவாகப் புதைத்துக்கொண்டே போனால் கடைசியில் கிணற்று ஆழத்துக்குப் போய்விடும். அங்கே சேர்வதை மோட்டார் வைத்து மேலே ஏற்றுவதுதான் பம்பிங் ஸ்டேஷன்.

1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் லண்டன் பார்லிமென்டே திணறியது. அதன்பிறகு பஸால்ஜெட் என்ற இன்ஜினியர் கிராஸ்னஸ் (1865), அபே மில்ஸ் (1868) நிலையங்களைக் கட்டினார். சென்னைக்கு 1910ல் திட்டம் போட்டார்கள். 1961ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்த வருட சென்சஸில் வந்ததோ சுமார் 17.3 லட்சம்!

ஆரம்பத்தில் ஒரு ஆள் ஷிப்ட் போட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மிதவை சுவிட்ச் வந்தது. தண்ணீர் ஏறினால் மோட்டார் ஓடும், இன்னும் ஏறினால் இரண்டாவது மோட்டார், அதற்கும் மேலே போனால் மணி அடிக்கும். ஆனால் ஆளில்லாத அறையில் மணி அடித்து என்ன பயன்? அதனால்தான் தொலைபேசிக் கம்பி, ரேடியோ, பிறகு சிம் கார்டு வழியாக எஸ்.எம்.எஸ்., கடைசியில் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் திரை.

மோட்டார் நின்றது தெரியாவிட்டால் ஓட்டம் நிற்கும், குழாயில் மண் படியும், அடைக்கும். அப்புறம் ஒரு மனிதனை உள்ளே இறக்குவார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், ஆபத்து தெரியாது. 1993லும் 2013லும் சட்டங்கள் வந்தன. உச்சநீதிமன்றம் 2014ல் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023ல் அதை 30 லட்சமாக்கியது. எங்கள் பாடத்தில் இதைச் செலவுக் கணக்கில் எழுதலாம். ஆனால் போன உயிரை எந்தப் பக்கம் எழுதுவது?

இன்னொரு விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது, மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்டே இல்லாத நேரத்தில் அலாரம் எப்படிப் பேசும்? அதற்குத் தனி பேட்டரி வேண்டும். அதைவிட நல்ல வழி, நிலையம் சில நிமிடத்துக்கு ஒருமுறை "நலம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. அந்தச் செய்தி வராமல் போனால் அதுவே அலாரம்.

விடுதியிலிருந்து தினமும் போன் செய்கிற பிள்ளை ஒருநாள் பேசவில்லை என்றால் அம்மா பதறுவாரே, அதே தத்துவம்தான். ஆனால் பதறியதும் கிளம்பிப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கிணற்றில் இறங்கும் வேலையே இருக்கக் கூடாது.