இலண்டன் வீதிகளும் மகளிர் கழிப்பிடங்களும்

ஒரு நகரம் யாவர்க்காக அமைக்கப்பட்டது என்பதை அதன் மாளிகைகளைக் காட்டிலும் கழிப்பிடங்களே தெளிவாக உணர்த்தும். இலண்டன் மாநகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1851ஆம் ஆண்டு ஹைடு பூங்காவில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பார் பொதுக் கழிப்பறைகளை அமைத்தார். எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் கட்டணம் செலுத்தி அவற்றைப் பயன்படுத்தினர். எனினும், பின்னர் வீதிகளில் எழுந்தவை பெரும்பாலும் ஆடவர்க்கே உரியவாயின. ஆகவே மகளிர் வீட்டினின்று நெடுநேரம் பிரிந்திருத்தல் அரிதாயிற்று. வெளியே சென்று உழைத்த ஏழைப் பெண்டிரே பெரிதும் அல்லலுற்றனர்.

1894ஆம் ஆண்டுச் சட்டம், வெஸ்ட்ரி எனப்பட்ட வட்டார மன்றங்களில் மகளிர் உறுப்பினராதற்கு இருந்த தடையை நீக்கியது. 1897இல் செயிண்ட் பாங்கிராசு மன்றத்தில் உறுப்பினரான நாடகப் பேராசிரியர் பெர்னாட்ஷா, மகளிர் கழிப்பிடத்திற்காக வாதாடினார். ஆடவர் சிறுநீர் கழிக்கக் கட்டணமின்மையையும், மகளிர் ஒவ்வொரு முறையும் ஒரு பென்னி செலுத்த நேர்ந்ததையும் அவர் சுட்டிக் காட்டினார்.

1900இல் கேம்டன் பகுதியில் மகளிர் கழிப்பிடம் ஒன்று அமைக்கக் கருதியபொழுது எதிர்ப்பு எழுந்தது. போக்குவரத்திற்கு இடையூறு நேருமா என அறிய மரத்தாலான மாதிரி ஒன்று சாலையில் நிறுத்தப்பட்டது. வண்டியோட்டிகள் வேண்டுமென்றே அதன்மீது மோதினர். திட்டம் அப்போது தடைப்பட்டது.

ஈண்டு மற்றொன்றும் நோக்கற்பாலது. வெஸ்ட்ரிகளுக்கு மாற்றாகப் புதிய நகர் மன்றங்களை வகுத்த 1899ஆம் ஆண்டுச் சட்டம், அவற்றில் மகளிர்க்கு இடமளிக்கவில்லை. 1907இல்தான் அத்தடை நீங்கியது. மகளிர்க்காகப் பேச ஷாவைப் போன்ற ஆடவர் போதாரோ எனின், போதார் என்பதே ஷாவின் விடை. நாகரிகம் கருதி ஆடவர் பேசக் கூசும் இத்தேவையைக் கொண்டே, மகளிர் மன்றங்களில் இடம்பெற வேண்டுமென அவர் 1909இல் எழுதினார்.

பின்னாளைய நிகழ்ச்சியும் இதனை வலியுறுத்தும். பொதுக் கழிப்பிட வாயில்களில் இருந்த சுழல்தடைகள் கருவுற்றோர்க்கும் குழந்தையுடன் வருவோர்க்கும் துன்பம் விளைத்தன. பார்பரா காசில் முதலிய பெண் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இதனை எடுத்துரைத்தனர். 1963இல் சட்டம் அத்தடைகளை விலக்கியது.

கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் இலண்டனில் என்றும் பஞ்சமில்லை. பஞ்சமாயிருந்தது மன்றத்தில் மகளிர்க்குரிய இருக்கையே. அவ்விருக்கை கிடைத்த பின்னரே வீதியும் அவர்க்கு உரியதாகத் தொடங்கிற்று எனலாம்.