வராத பயிரின் வரலாறு: நாஞ்சில் நாடும் சூரியகாந்தியும்

முன்னுரை

வட்டார வேளாண் வரலாறு பெரும்பாலும் விளைந்த பயிர்களைக் கொண்டே எழுதப்படுகிறது. விளையாத பயிரும் அவ்வட்டாரத்தின் நிலம், நீர், சந்தை ஆகியவற்றுக்குச் சான்றாகும். வடக்கே தென்காசி மாவட்டத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் வயல் வயலாகப் பூக்கும் சூரியகாந்தி, நாஞ்சில் நாட்டில் முதன்மைப் பயிராக வேரூன்றவில்லை. அதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

வரவும் பரவலும்

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியே ஐரோப்பாவை அடைந்த அது, முதலில் தோட்டத்து அழகுச்செடியாகவே வளர்க்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிராயிற்று. இந்தியாவிலும் 1969இல் பெரெடோவிக் முதலிய சோவியத் வகைகள் தருவிக்கப்பட்ட பின்னரே வயல்களில் பரவத் தொடங்கியது. 1980இல் பி.எஸ்.எச்.-1 என்னும் வீரிய ஒட்டுரகம் பெங்களூரில் உருவாயிற்று. எப்பருவத்திலும் விதைக்கலாம் என்பதும் வறட்சியை ஓரளவு தாங்கும் என்பதும் இப்பயிரை மானாவாரி நிலங்களுக்கு ஏற்றதாக்கின.

நிலமும் நீரும்

நாஞ்சில் நாட்டின் இயல்பு வேறு. 1897 முதல் 1906 வரை கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணையின் பாசனம் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல்லை நிலைநிறுத்தியது. வயலில் நீர் தேங்கினால் சூரியகாந்தி அழுகும். கும்பப்பூ அறுவடைக்குப் பிந்தைய கோடை இடைவெளியோ, கால்வாயில் நீர் அடைபடும் காலம். ஏறத்தாழ 90 நாள் நிற்க வேண்டிய பயிரைவிட விரைவில் முதிரும் உளுந்தே அதற்குப் பொருந்தும்.

தேனீக் குறைவு இதற்குக் காரணமன்று. அயல் மகரந்தச் சேர்க்கையால் மணி பிடிக்கும் சூரியகாந்திக்குத் தேனீ இன்றியமையாதது. மாவட்டத்தின் மேற்கே மார்த்தாண்டத்தில் 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் தேனீ வளர்ப்பைப் பரப்பியது. ஆனால் இங்குள்ள தேனீக்களின் பெரும் தேன் பருவம் ரப்பர் தோட்டங்களைச் சார்ந்தது.

எண்ணெயும் பூவும்

சமையலுக்கும் தலைக்கும் தேங்காயெண்ணெய் கிடைத்த வட்டாரத்தில் மற்றோர் எண்ணெய்வித்துக்கான தேவை எழவில்லை. பூவாகவும் அது நுழையவில்லை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட, சூரியகாந்தியின் குடும்பத்தையே சேர்ந்த கேந்தி, தோவாளைச் சந்தையில் மாலைப்பூவாகவும் கேரளத்து ஓணக் கோலத்துக்குரிய பூவாகவும் நிலைபெற்றது. நாரில் தொடுக்க இயலாத பெருந்தலைப் பூவான சூரியகாந்திக்கு அவ்வாய்ப்பில்லை. ஆகவே அயன்மை தடையன்று. பயன்பாடே ஏற்பைத் தீர்மானித்தது.

முடிவுரை

செடி வராத ஊருக்கு அதன் எண்ணெய் வந்துவிட்டது. 2022இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறியபோது, இறக்குமதியை நம்பிய அடுக்களைகள் அதன் சுமையை உணர்ந்தன. உள்நாட்டில் எண்ணெய்வித்துப் பரப்பைப் பெருக்க வேண்டும் என்னும் குரல் அதனால் வலுப்பெற்றது. அத்தகைய திட்டம் நாஞ்சில் நாட்டுக்கு வருமாயின், விதையை வழங்குமுன் பாசன நாட்காட்டியைப் படிக்க வேண்டும். பயிர்ப் பட்டியலின் வெற்றிடத்தை உழவரின் அறியாமையாகக் கொள்ளாமல், நிலமறிந்த தேர்வாக வாசிப்பதே வரலாற்று நேர்மை.