ஒன்பது பாடபேதங்கள்

சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் பாடபேதத்தின் வலிமையை நன்கறிவர். ஓரெழுத்து மாறினால் பொருளே வேறாகிவிடும். அத்தகையதொரு வரலாறு நம் காலத்திலேயே மண்ணுக்குள் நிகழ்ந்துள்ளது.

அட்ரசின் என்னும் களைக்கொல்லி 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. அமெரிக்க மக்காச்சோள வயல்களில் அது பெருமளவில் தெளிக்கப்பட்டது. இயற்கையில் இல்லாத சேர்மமாதலால் மண்ணில் மெல்லவே சிதைந்தது. நிலத்தடி நீரிலும் இறங்கியது.

ஆயினும் 1995இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டனர். இக்களைக்கொல்லி சிந்திய ஓரிடத்து மண்ணில் சூடோமோனாஸ் இனப் பாக்டீரியா ஒன்று அட்ரசினிலிருந்தே தனக்கு வேண்டிய நைட்ரஜனைப் பெற்று வாழ்ந்துகொண்டிருந்தது. 40 ஆண்டுகளுக்குள் இத்திறன் எங்கிருந்து வந்தது?

அட்ரசினிலுள்ள குளோரினை நீக்கும் நொதியை, மெலமினைச் சிதைக்கும் மற்றொரு பாக்டீரியாவின் நொதியோடு 2001இல் ஒப்பிட்டனர். 470க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் வேறுபட்டவை 9 மட்டுமே. ஆனால் அட்ரசினைச் சிதைக்கும் நொதி மெலமினைத் தீண்டுவதேயில்லை. ஒரே மூலத்தின் இரு படிகள், ஒன்பது பாடபேதங்கள், பொருளோ வேறு! இவ்வளவு நெருங்கிய ஒற்றுமை, பிரிவு அண்மையில் நேர்ந்ததையே காட்டுகிறது.

அவ்வாண்டே அந்தப் பாக்டீரியாவின் பிளாஸ்மிட் முழுமையாகப் படிக்கப்பட்டது. குரோமோசோமுக்குப் புறம்பான அவ்வளையத்தில் 108,845 எழுத்துகள். அட்ரசினைச் சிதைக்கும் முதல் மூன்று மரபணுக்கள் ஓரிடத்தில் அடுக்கப்பட்டிருக்கவில்லை. இடம்பெயரவல்ல துணுக்குகளை அண்டித் தனித்தனியே கிடந்தன. ஏறத்தாழ அதே மரபணுக்கள் பல கண்டங்களின் பாக்டீரியாக்களில் இருப்பது 1998இலேயே தெரிந்திருந்தது. பதிப்பாசிரியர் ஐயுறும் இடைச்செருகலே மண்ணில் வாழ்வுக்கு வழியாயிற்று.

இதைக் கொண்டு, இயற்கையே எல்லாவற்றையும் தூய்மை செய்துவிடும் என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா? நிலத்தடி நீரில் எஞ்சிய அட்ரசினைக் கருதி, ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அதற்கு அனுமதி மறுத்தது. மேல்மண்ணில் அதை உண்ணும் உயிர் தோன்றியிருந்தும் நீர் காப்பாற்றப்படவில்லை. நஞ்சு பரவும் வேகம் வேறு. மண் கற்கும் வேகம் வேறு.

எழுத்துப்பிழையொன்று அரிய பொருளைத் தந்ததென்பதற்காக, ஏடுகளைக் கரையானுக்கு விட்டுவிட்டுக் காத்திருப்பார் உண்டோ?